பிரசவம் ஆனதும் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்றாங்க, உங்க வீட்ல எப்படி?

உசிலை பொண்ணு
அக்காமாரே, எனக்கு இப்ப 34 வாரம், மொத பிள்ளை. வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். பை எடுத்து வைக்கிறது, ஆஸ்பத்திரிக்கு யார் கூட வர்றதுங்கிறதெல்லாம் பேசி முடிச்சாச்சு, ஆனா ஒரு விஷயம் மட்டும் மனசுல பயமாவே இருக்கு. எங்க அக்காவுக்கு 2016ல ஆபரேஷன் பண்ணி குழந்தை பிறந்துச்சு, வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அப்பத்தா ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளருக்கு மேல தண்ணி குடுக்கல. பச்ச உடம்பு, தண்ணி குடிச்சா தையல் சீழ் வச்சிடும், வயிறு போட்டுடும்னு சொல்லிட்டாங்க. அது சித்திரை மாசம் வேற. அக்கா பல்லு வெளக்குறப்ப வாய் கொப்பளிக்கிற தண்ணிய யாருக்கும் தெரியாம முழுங்குவேன்னு போன வாரம்தான் என்கிட்ட சொல்லி அழுதா. உதடெல்லாம் வெடிச்சு, ஒண்ணுக்கு போனா எரிச்சல், பாலும் பத்தலைன்னு பவுடர் பால் குடுத்தாங்க. இப்ப அம்மாவும் அதே பேச்சைத்தான் பேசுறாங்க. அவங்க என் நல்லதுக்குத்தான் சொல்றாங்க, எனக்கும் சண்டை போட மனசு வரல. நெஜமாவே தண்ணிக்கும் தையலுக்கும் சம்பந்தம் இருக்கா? பத்தியம் எது வரைக்கும் சரி?

ரெண்டு புள்ளை அம்மா
தங்கச்சி, தண்ணிக்கும் தையலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்கு ரெண்டும் சிசேரியன். மொத தடவை எங்க அத்தை பேச்சைக் கேட்டு தண்ணிய கொறச்சேன், நாலு நாள் மோஷன் போகல. அப்புறம் முக்கும்போது தையல் பிரிஞ்சிடுமோன்னு வயித்துல தலகாணிய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம்ல உக்காந்து அழுதேன் பாரு, அந்த வலிய ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். வயிறு போடுறதுக்கு காரணம் தண்ணி இல்லம்மா, கர்ப்பப்பை பழையபடி சுருங்கவே ஆறு வாரம் ஆகும், விரிஞ்ச வயித்து சதை சேர அதுக்கு மேலயும் ஆகும்.

ரெண்டாவது தடவை நான் என்ன பண்ணேன்னா, "தண்ணி குடுங்க"ன்னு கேக்கவே இல்ல. சீரகம் போட்டு கொதிக்க வச்ச வெந்நீர் குடுங்க அத்தைன்னு கேட்டேன், அது மருந்து மாதிரிங்கிறதால அவங்களே ஒரு லிட்டர் பிளாஸ்க்ல ஊத்தி கட்டிலுக்கு பக்கத்துல வச்சாங்க. குழந்தைக்கு பால் குடுக்க உக்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர். பால் குடுக்க ஆரம்பிச்சதுமே தொண்டை வறளும் பாரு, அந்தத் தாகத்தை அடக்கவே கூடாது. பூண்டு கொழம்பு, பால்சுறா புட்டு, பிரசவ லேகியம் எல்லாம் ஆசையா சாப்பிட்டேன், அத வேணாம்னு சொல்லாத, அவங்க கை பக்குவம் அது.

கிராமத்து நர்ஸ்
நான் கிராம சுகாதார செவிலியரா வேலை பாக்குறேன்ம்மா, வீடு வீடா போறவ, உங்க அக்கா கதை மாதிரி நெறைய பாத்துட்டேன். தாய்ப்பால்ல நூத்துக்கு 87 பங்குக்கு மேல தண்ணிதான், அம்மாவுக்கு தாகம் எடுக்குறப்ப தண்ணி மறுக்குறது தப்பு. ஒண்ணுக்கு எரிச்சல் வந்ததா சொன்னீங்களே, தண்ணி பத்தாம இருந்தா அந்தத் தொந்தரவு சுலபமா வரும். இன்னொன்னு, ஆபரேஷன் ஆனவங்க தண்ணியும் குடிக்காம நடக்காமயும் படுத்தே கிடந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டிக்கலாம், ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைச்சதை வலிச்சா உடனே காட்டணும்.

பத்தியத்துல நான் சண்டை போடுறது ரெண்டு விஷயத்துக்குத்தான். கீரை, முட்டை, பருப்பு, பழம் எல்லாத்தையும் நிறுத்திட்டு வெறும் ரசஞ்சோறு போடுறது ஒண்ணு, பிறந்த குழந்தைக்கு சேனைன்னு சர்க்கரைத் தண்ணியும் தேனும் தொட்டு வைக்கிறது இன்னொண்ணு. ஒரு வயசு முடியிற வரைக்கும் தேன் ஒரு சொட்டு கூட வேணாம்மா. சீம்பால் போதும், ஒரு மணி நேரத்துக்குள்ள மார்ல போடுங்க, ஆபரேஷன்னாலும் மயக்கம் தெளிஞ்சதும் கேட்டு வாங்கிப் போடுங்க. லேகியம் சாப்பிடலாம், ஆனா கர்ப்பத்துல சுகர் இருந்துச்சுன்னா அதுல கருப்பட்டி எவ்வளவு சேருதுன்னு பாருங்க. இரும்புச்சத்து மாத்திரைய பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் போடணும், காபி டீயோட போடாதீங்க, கால்சியம் மாத்திரைய வேற வேளைக்கு வச்சுக்கோங்க.

ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுசா நனைஞ்சா, காய்ச்சல் வந்தா, தீட்டு நாத்தமடிச்சா, தாங்க முடியாத தலைவலியோட கண்ணு மங்கினா, பச்ச உடம்ப வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு காத்திருக்காம 108க்கு அடிங்க. பிரசவம் முடிஞ்ச அப்புறமும் பிபி ஏறும், வலிப்பு கூட வரும்.

கருப்பட்டி காபி
ஒரே ஒரு விஷயம் சேத்துக்கிறேன். உங்க அக்கா இத்தனை வருஷம் கழிச்சு அழுதாங்கன்னு படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. எனக்கும் பிரசவம் ஆன மூணாம் நாள்ல இருந்து காரணமே இல்லாம அழுகை வந்துச்சு, பத்து நாள்ல சரியாயிடுச்சு. ஆனா என் நாத்தனாருக்கு ரெண்டு மாசமாகியும் போகல, குழந்தைய தூக்கவே பிடிக்கலைன்னா, கொழுப்புன்னு திட்டினாங்க, கடைசில டாக்டர்கிட்ட காட்டினப்புறம்தான் அது ஒரு நோய்னு வீட்ல புரிஞ்சுது. ரெண்டு வாரத்த தாண்டினா வீட்டுக்காரர்கிட்ட சொல்லி கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, மனநல உதவிக்குன்னு இருக்குற அரசாங்க நம்பர் 14416க்கு போன் பண்ணி தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

உசிலை பொண்ணு
நர்ஸ் அக்கா எழுதினத அம்மாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசாம எந்திரிச்சு உள்ள போனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, நீ பிறந்தப்ப எனக்கும் அப்படித்தான்டி நாக்கு வறண்டு போச்சு, கேக்க ஆளில்லன்னு சொன்னாங்க. வியாழக்கிழமை செக்கப்புக்கு அவங்களும் வர்றாங்க, டாக்டர்கிட்ட அவங்களே கேக்கப் போறாங்களாம். சீரகம் வாங்கி வச்சாச்சு, பிளாஸ்க்க அக்கா கொண்டு வர்றேன்னுருக்கா.