ஜெர்மனிக்கு வந்ததும் பிசி அசெம்பிள் செய்ய நினைப்பவர்களுக்கு

ஒவ்வோர் அக்டோபரிலும் புது செமஸ்டருக்கு ஊரிலிருந்து வந்து இறங்கும் தம்பி தங்கைகள் தவறாமல் கேட்பது இது: "அண்ணா, படிக்கவும் ஆகணும், கேமும் ஆடணும், கம்மி விலையில ஒரு பிசி போடணும். என்னென்ன பார்ட்ஸ் வாங்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் 2019-இல் கோவையிலிருந்து ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துக்கு மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன். என் பிசியைப் போட்டது 2023 கோடையில். அதன்பின் நண்பர்களுக்கு ஏழெட்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முதல் வேண்டுகோள்: வந்த மாதமே வாங்காதீர்கள். விசாவுக்காகப் பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்ட்டிலிருந்து மாதம் 992 யூரோ வரும். வாடகை, இன்சூரன்ஸ், அறைக்கான டெபாசிட், குளிருக்கு ஜாக்கெட் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் படிப்புக்கு என்ன மென்பொருள் தேவைப்படும் என்பது முதல் செமஸ்டர் பாதி போன பிறகுதான் தெளிவாகும். அதைப் பொறுத்துத்தான் பாகங்கள் மாறும்.

உதாரணத்துக்கு, டீப் லேர்னிங் பக்கம் போகிறவர்களுக்கு என்விடியா கிராபிக்ஸ் கார்டு வேண்டும். குடா (கிராபிக்ஸ் கார்டைக் கணக்குப் போட வைக்கும் என்விடியாவின் மென்பொருள்) அதில் மட்டும்தான் ஓடும். மேட்லேப் என்ற கணித மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டைக் கணக்குப் போட வைக்க வேண்டுமென்றாலும் என்விடியாதான். முப்பரிமாண வடிவமைப்புக்கான சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும். ஆன்சிஸ் மாதிரி சிமுலேஷன் செய்கிறவர்களுக்குக் கிராபிக்ஸ் கார்டை விட ரேம் முக்கியம். 16 ஜிபியில் ஆரம்பித்து மூச்சுத் திணறி, அப்புறம் 32-க்குப் போனவர்களை எனக்குத் தெரியும். எம்பிஏ, எகனாமிக்ஸ் படிப்பவர்களுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. கேமுக்கு எது போதுமோ அது படிப்புக்குத் தாராளம். பெரிய மாடல்களை டிரெயின் செய்ய வேண்டியவர்கள் அதற்கென்று வீட்டில் ஆயிரம் யூரோ கார்டு போட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் கணினிக் கிளஸ்டர் இருக்கிறதா, மாணவர்களுக்கு அனுமதி உண்டா என்று உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள்.

2023-இல் நான் போட்டதன் கணக்கு: ரைசன் 5 5600 பிராசசர் 130 யூரோ, பி550 மதர்போர்டு 95, 16 ஜிபி டிடிஆர்4 ரேம் 40, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 50, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு 215, 550 வாட் பவர் சப்ளை 60, கேபினெட் 50. மொத்தம் 640. மானிட்டர், கீபோர்டு தனி. இதே பட்டியலை இன்று அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். 2025 இலையுதிர் காலத்திலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை எங்கேயோ போய்விட்டது, எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. அன்று மொத்தத்தில் மிக மலிவாக இருந்த பாகம் இன்று பட்ஜெட்டையே தீர்மானிக்கிறது. அதனால் இப்போது வரிசையை மாற்றுங்கள்: முதலில் ரேம் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள், பிறகு அதற்கு ஏற்ற போர்டு, பிராசசர்.

அந்த வகையில் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் 5600 மாதிரி ரைசன் பிராசசர் உட்காரும் இடம்) இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 2016-17-இல் வந்த பழைய சாக்கெட் என்று ஒதுக்காதீர்கள். அதற்கு டிடிஆர்4 என்ற முந்தைய தலைமுறை ரேம் போதும், பழைய ரேம் சந்தையில் நிறையப் புழங்குகிறது, ரேம் எளிதில் கெடுகிற பொருளும் இல்லை. 5600-இல் ஆறு கோர், 65 வாட். ஃபுல் ஹெச்டி மானிட்டரில் வேலரண்ட், சிஎஸ்2, ஜிடிஏ எல்லாம் நன்றாக ஓடும். இன்டெல் பிடிக்கும் என்றால் ஐ5 12400எஃப். அதுவும் ஆறு கோர், டிடிஆர்4 போர்டும் கிடைக்கும். அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்கு டிடிஆர்5 ரேம் மட்டும்தான். பின்னால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் லாபம். இரண்டு வருட மாஸ்டர்ஸ் முடித்து, வேலை எந்த ஊரில் கிடைக்கும் என்றே தெரியாத நமக்கு அந்த லாபத்துக்காக இன்று அதிகம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

விலைப் பட்டியலில் "டிரே" என்று போட்டிருந்தால் கவனியுங்கள். பிராசசர் மட்டும் வரும், கூலர் வராது. "பாக்ஸ்டு" என்றால் பெட்டியோடு வரும். 5600 பாக்ஸில் கூலரும் இருக்கும், அதுவே போதும். பத்து யூரோ மிச்சம் என்று டிரே வாங்கிவிட்டு, கூலருக்கு இருபது கொடுத்த தம்பி இருக்கிறார். இன்டெலில் கடைசியில் எஃப் எழுத்து வந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. 5600-லும் கிடையாது. கிராபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் 5600ஜி மாதிரி ஜி எழுத்துள்ளதை எடுத்தால்தான் அதுவரை திரையில் படம் வரும்.

பவர் சப்ளையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசு மிச்சம் பிடிக்க எல்லோரும் கை வைப்பது இதில்தான். பழையதை வாங்கவே கூடாத பாகம் என்றால் என்னைப் பொறுத்தவரை இது ஒன்றுதான். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் வருடக்கணக்காக வெந்திருக்கும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. இது கெட்டால் தான் மட்டும் போகாது, கூட இருக்கும் போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகலாம். 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே அளக்கின்றன, தரத்துக்கும் பாதுகாப்புக்கும் அவை சான்று ஆகாது. ஆகவே பெயர் தெரிந்த கம்பெனியில் 550 வாட் வாங்குங்கள். மேலே சொன்ன கட்டமைப்புக்கு அதுவே அதிகம். இங்கேயே பீ கொயட் என்ற ஜெர்மன் பிராண்டு நியாயமான விலையில் கிடைக்கிறது. கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகை வாங்கினால், ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் செருகவே செருகாதீர்கள். ஓட்டை பொருந்தும், உள்ளே பின்களின் வரிசை வேறாக இருக்கும். ஒரு நொடியில் எஸ்எஸ்டி போய்விடும், உள்ளே இருக்கும் தீசிஸும் சேர்ந்து.

கிராபிக்ஸ் கார்டைப் பழையதாக வாங்கலாம். ஆனால் நான் செய்ததைச் செய்யாதீர்கள். 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து எத்தீரியம் கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங் நின்றதும் பழைய கார்டுகள் சந்தையில் கொட்டின. அந்த நேரத்தில் இணையத்தில் ஒருவர் நல்ல கார்டு ஒன்றை 180 யூரோவுக்குப் போட்டிருந்தார். வேறு ஊர், பார்சலில் அனுப்புகிறேன் என்றார். பணம் அனுப்பும் செயலியில் 'நண்பருக்கு அனுப்புவது' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் கட்டணம் மிச்சம் என்றார். அனுப்பினேன். மறுநாள் விளம்பரமும் இல்லை, ஆளும் இல்லை. அந்த முறையில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது என்பதை அதன்பிறகுதான் படித்தேன். பார்ட் டைம் வேலையில் இரண்டு வாரம் பெட்டி தூக்கிச் சேர்த்த காசு அது. பிசி போடுவது 2023-க்குத் தள்ளிப்போனதற்கு அதுதான் காரணம்.

இப்போது என் முறை இதுதான். க்லைன்அன்சைகன் என்ற பழைய பொருள் விளம்பரத் தளத்தில் என் ஊரிலோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளோ இருப்பவரிடம் மட்டும் பேசுவேன். விளம்பரத்தில் விபி என்று இருந்தால் பேரம் பேசலாம், ஃபெஸ்ட்பிரைஸ் (மாறாத விலை) என்றால் பேசினால் கோபப்படுவார்கள். "கான் இஷ் டி கார்ட்டெ ஃபோர் ஓர்ட் டெஸ்டன்?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள், அங்கேயே ஓட்டிப் பார்க்கலாமா என்று அர்த்தம். நேர்மையாக விற்பவர்கள் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அரை மணி நேரம் கேம் ஓடவிட்டு, விசிறிச் சத்தம், திரையில் கோடு, புள்ளி வருகிறதா என்று பாருங்கள். பணத்தைக் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்லி லிங்க் அனுப்புகிறவரை அந்த நிமிடமே பிளாக் செய்துவிடுங்கள்.

எந்தக் கார்டு? கேம் மட்டும் என்றால் ஆர்எக்ஸ் 6600. 132 வாட்தான், ஒரே ஒரு எட்டு பின் கேபிள். குடா வேண்டும் என்பவர்களுக்கு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. அதே பெயரில் 8 ஜிபி ஒன்றும் உண்டு. அதில் மெமரி பஸ் 192 பிட்டுக்குப் பதில் 128 பிட், வேகமும் குறைவு. விளம்பரத்தில் சும்மா "3060" என்று மட்டும் போட்டிருந்தால் எத்தனை ஜிபி என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

புதிதாக வாங்குவதற்கு முன் கைட்ஸ்ஹால்ஸ் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தில் தேடுங்கள். அந்தச் சொல்லுக்கே கஞ்சன் என்றுதான் பொருள். ஒரு பாகத்தின் விலை கடந்த மாதங்களில் எப்படி ஏறி இறங்கியது என்ற வரைபடமும் அதில் இருக்கும், அதைப் பார்த்தாலே தள்ளுபடி என்று போட்டிருப்பது உண்மையா என்று தெரிந்துவிடும். இணையத்தில் கடையிடம் வாங்கினால் காரணம் சொல்லாமலே 14 நாளில் திருப்பி அனுப்பலாம், விடர்ரூஃப் என்பார்கள். கடைக்கு நேரில் போய் வாங்கினால் இந்த உரிமை இல்லை, கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. கெவேர்லைஸ்டுங் என்ற சட்டப் பொறுப்பு, புதுப் பொருளுக்கு இரண்டு வருடம். 2022 முதல், முதல் பன்னிரண்டு மாதத்தில் குறை தெரிந்தால், விற்கும்போது அது சரியாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. "கம்பெனிக்கு எழுதுங்கள்" என்று கடையில் சொன்னால், கெவேர்லைஸ்டுங் என்ற இந்த ஒரு சொல்லை மின்னஞ்சலில் கடைக்கு எழுதுங்கள். தனியாள் விற்கும் பழைய பொருளில் இந்தப் பொறுப்பை அவர் விலக்கிக்கொள்ளலாம். எல்லா விளம்பரத்தின் அடியிலும் அந்த வரி இருக்கும்.

கரண்ட் பில்லைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே 250 வாட் இழுக்கும் பிசியில் தினம் மூன்று மணி நேரம் ஆடினால் மாதம் 22 யூனிட்டுக்கு மேல். யூனிட் 40 சென்ட் என்று வைத்தால் 9 யூரோ. மாணவர் விடுதியில் வாடகையோடு கரண்டும் சேர்ந்திருந்தால் கவலையில்லை. வீட்டைப் பகிர்ந்து இருப்பவர்கள் வருடக் கடைசியில் கணக்கு வரும்போது மற்றவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், முன்பே பேசிவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்செட் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் பெரியவனாகச் சொல்கிறேன், கேளுங்கள்: டோரண்ட்டில் கேமோ படமோ இறக்காதீர்கள். இங்கே வக்கீல் ஆபீஸிலிருந்து அப்மானுங் என்ற கடிதம் வரும், நூற்றுக்கணக்கான யூரோ கேட்டு. வைஃபை யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயருக்கு வரும். அது உங்கள் ரூம்மேட்டாக இருந்தால் நட்பும் போகும்.

முன்பு கேட்ட இரண்டு மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணா, ஆபீஸ் பிசி 100 யூரோவுக்குக் கிடைக்குது, அதுல கார்டு மட்டும் போட்டா போதாதா?" சில சமயம் போதும் தம்பி. ஆனால் ஃபுஜிட்சு, டெல், ஹெச்பி ஆபீஸ் பிசிகளில் பவர் சப்ளையும் அதன் கனெக்டரும் அவர்களுக்கென்றே செய்தவையாக இருக்கும், வெளியில் வாங்கியது பொருந்தாது. ஒல்லியான பெட்டியில் முழு உயரக் கார்டு நுழையாது. மலிவாக வருபவற்றில் பல இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விலை குறைந்ததே அதனால்தான். எட்டாம் தலைமுறை, பெரிய பெட்டி, உள்ளே வழக்கமான கனெக்டருள்ள பவர் சப்ளை, மூன்றும் சரியாக இருந்தால் எடு.

"ஊர்ல என் பழைய பிசி இருக்கு, அப்பா பார்சல் போடட்டுமா?" வேண்டாம் மா. பரிசாக அனுப்பினாலும் 45 யூரோவுக்கு மேல் மதிப்பிருந்தால் இங்கே இறக்குமதி வரி கட்டச் சொல்வார்கள். அடுத்த முறை ஊருக்குப் போய் வரும்போது நீ பயன்படுத்திய ரேமையும் எஸ்எஸ்டியையும் கைப்பையில் எடுத்து வா, இப்போதைய விலைக்கு அதுவே பெரிய உதவி. பழைய பவர் சப்ளையை விட்டுவிடு, வோல்டேஜுக்காக இல்லை, மேலே சொன்ன ஆபத்துக்காக. மின்சாரம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு.

"லேப்டாப் இருக்கே, பிசி வேணுமா?" இரண்டு வருடத்துக்குள் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டுவது உறுதி என்றால் வேண்டாம். ஒரு 24 அங்குல மானிட்டர் மட்டும் வாங்கி லேப்டாப்பில் மாட்டிக்கொள்ளுங்கள், கழுத்து வலி போகும்.

அசெம்பிள் செய்யும் நாளில் எனக்கு அதிகம் போன் வருவது நாலு விஷயத்துக்குத்தான். ரேம் இரண்டு துண்டு என்றால், நாலு ஸ்லாட் போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடுங்கள். மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள், போர்டில் செருகினால் இருட்டுத்தான். பயாஸில் (பிசி ஆன் ஆகும்போது திறக்கும் போர்டின் செட்டிங்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்யாவிட்டால் ரேம் அதன் முழு வேகத்தில் ஓடாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், விண்டோஸில் டிஸ்பிளே செட்டிங் போய் 144 ஹெர்ட்ஸை நீங்களாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்க்ரூடிரைவரும் தெர்மல் பேஸ்ட்டும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரும்பாலும் ஒரு கடையும் திறக்காது, பாதி பிசியைத் தரையில் பரப்பிக்கொண்டு திங்கள் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.