இண்டியானாவில் கூடைப்பந்து மேல் ஏன் இத்தனை பித்து?

கொலம்பஸ்வாசி கேட்டது:

வணக்கம். கணவருக்கு வேலை மாறி நாங்கள் இண்டியானா மாநிலம் கொலம்பஸுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பையன் ஆறாவது படிக்கிறான். போன வெள்ளிக்கிழமை அவன் நச்சரிப்பு தாங்காமல் பக்கத்து ஊர்ப் பள்ளி மேட்ச் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே கொட்டுகிற பனி, ஆனால் கார் நிறுத்த இடம் இல்லை. உள்ளே கேலரி முழுக்க ஆட்கள், ஒரு பக்கம் பள்ளி பேண்டு, பாப்கார்ன் வாசனை. எங்களுக்குப் பின்னால் எழுபது வயது தாண்டிய ஒரு தம்பதி. விளையாடுகிற பிள்ளைகள் யாரும் அவர்களுக்குச் சொந்தமில்லையாம், பேரன் படித்து முடித்தே பத்து வருடம் ஆகிவிட்டதாம், இருந்தும் அதே இரண்டு இருக்கைக்கு வருடா வருடம் டிக்கெட் எடுக்கிறார்களாம். உள்ளூர்ப் பையன் ஃப்ரீ த்ரோ போடப் போகும்போதெல்லாம் அந்தப் பாட்டி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார், தாத்தா "விழுந்துவிட்டது" என்று சொன்ன பிறகுதான் திறந்தார்.

வந்ததிலிருந்து இது ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஏன் குறிப்பாகக் கூடைப்பந்து? இந்த ஊர்க்காரர்கள் இதை எங்கிருந்து பிடித்தார்கள்? பையனும் பள்ளி டீமில் சேரவேண்டும் என்று நிற்கிறான், அதற்குள் நான் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

வபாஷ்கரை:

நல்ல கேள்வி சகோதரி. இருபது வருடத்துக்கும் மேல் இங்கே இருக்கிறேன், எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இது விவசாய மாநிலம். சோளமும் சோயாவும் அறுத்து முடித்தால் குளிர்காலம் முழுக்க வயலில் வேலை கிடையாது, வெளியே விளையாடவும் முடியாது. கிராமத்துப் பள்ளிகள் ரொம்பச் சின்னவை. அமெரிக்கக் கால்பந்து டீமுக்குப் பதினொரு பேர் வேண்டும், அவர்களுக்குக் கவசம் வேறு வாங்கவேண்டும். கூடைப்பந்துக்கு ஐந்து பையன்கள் போதும். கொட்டகைச் சுவரில் ஒரு வளையத்தை அடித்துவிட்டால் ஆட்டம் ஆரம்பம். இன்றைக்கும் கிராமப் பக்கம் காரில் போனால் எத்தனை கொட்டகையில் துருப்பிடித்த வளையம் தொங்குகிறது என்று பையனை எண்ணச் சொல்லுங்கள். நெய்ஸ்மித் மாசசூசெட்ஸில் இந்த ஆட்டத்தை உருவாக்கியது 1891-ல். மூன்றே வருடத்தில் இங்கே கிராஃபோர்ட்ஸ்வில்லுக்கு வந்துவிட்டது.

ஆனால் பித்து பிடிக்கக் காரணம் மாநிலப் போட்டி நடந்த விதம். அந்தக் காலத்தில் பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்று பிரிவே கிடையாது. எல்லாரும் ஒரே போட்டியில், தோற்றால் வெளியே. நூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளியும் இரண்டாயிரம் பேர் படிக்கிற பள்ளியும் ஒரே கோப்பைக்கு மோதும்.

அதனால்தான் 1954-ல் மிலன் என்ற பெயர் இங்கே அழியாமல் நிற்கிறது. மிலன் தென்கிழக்கு மூலையில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊர், உயர்நிலைப் பள்ளியில் மொத்தமே 161 பிள்ளைகள். இறுதி ஆட்டத்தில் எதிரே மன்சி சென்ட்ரல், பத்து மடங்கு பெரிய பள்ளி. கடைசிக் குவார்ட்டரில் மிலன் 26-28 என்று பின்தங்கி இருந்தபோது பாபி பிளம்ப் என்ற பையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான், நான்கு நிமிடத்துக்கும் மேல்! இத்தனை விநாடிக்குள் பந்தை வளையத்துக்கு எறியவேண்டும் என்கிற ஷாட் கிளாக் அப்போது கிடையாது, நிற்கலாம். பின்தங்கியவன் பந்தைப் பிடித்து வைப்பதை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிறகு 30-30 என்று சமன் ஆகி, கடைசி விநாடிகளில் அதே பிளம்ப் வலது பக்கம் எகிறிப் போட்ட பந்து விழுந்தது. 32-30. எனக்கு இதை முதலில் சொன்னது முடி திருத்துகிற ஒரு பெரியவர், சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே எங்கே நின்றான், எப்படித் திரும்பினான் என்று நடித்துக் காட்டினார்.

அந்த மேட்ச் நடந்த இடம் இன்னும் இருக்கிறது. இண்டியானாபொலிஸில் பட்லர் பல்கலைக்கழகத்தின் ஹிங்கிள் ஃபீல்டுஹவுஸ், 1928-ல் கட்டியது. கட்டாயம் போங்கள்.

கறுப்புக்காபி:

வபாஷ்கரை சொன்னது எல்லாம் சரி, ஆனால் மிலனோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். இந்த மாநிலத்தில் எல்லாரும் மிலனைச் சொல்வார்கள், கிறிஸ்பஸ் அட்டக்ஸைக் கேட்டால்தான் சொல்வார்கள். எனக்கு இது பெரிய குறை.

அட்டக்ஸ் இண்டியானாபொலிஸில் கறுப்பின மாணவர்களைத் தனியாக ஒதுக்கி வைப்பதற்கென்றே 1927-ல் திறந்த பள்ளி. "எல்லாரும் ஒரே போட்டியில்" என்றீர்களே, 1942 வரை அட்டக்ஸ் அந்தப் போட்டியில் சேரவே முடியாது, கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அதே கதிதான். சேர்த்துக்கொண்ட பிறகும் சொந்த ஜிம் கூட்டத்துக்குப் பத்தாததால் எல்லா முக்கிய மேட்சுக்கும் வேறு இடம் தேடி அலைந்தார்கள்.

மிலன் 1954-ல் இறுதிக்குப் போகும் வழியில் வென்றது யாரை தெரியுமா? அட்டக்ஸைத்தான், 65-52. அன்றைக்கு அட்டக்ஸில் ஆடிய ஒரு இளம் பையன் பெயர் ஆஸ்கர் ராபர்ட்சன். அடுத்த வருடம், 1955-ல், கோச் ரே குரோவும் அவர் பிள்ளைகளும் கோப்பையை வாங்கினார்கள். இண்டியானாபொலிஸ் நகரத்துப் பள்ளி ஒன்று மாநிலக் கோப்பை வாங்கியதே அதுதான் முதல் தடவை. கறுப்பின மாணவர்கள் மட்டுமே படித்த ஒரு பள்ளி, எல்லாருக்கும் பொதுவான மாநிலக் கோப்பையை வென்றது நாட்டிலேயே முதல் தடவை. 1956-ல் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் மறுபடி வென்றார்கள்.

ஜெயித்த டீமைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி நகர நடுவில் இருக்கும் நினைவுத்தூண் வட்டத்துக்குக் கொண்டுவந்து கொண்டாடுவது வழக்கம். 1955-ல் வண்டி வட்டத்தைச் சுற்றியது, நிற்கவில்லை. நேராகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு பூங்காவுக்குக் கொண்டுபோய் "இங்கே கொண்டாடிக்கொள்ளுங்கள்" என்று இறக்கிவிட்டார்கள். பதினாறு வயதுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ராபர்ட்சன் பல பத்தாண்டு கழித்தும் அந்த ராத்திரியின் வலியைப் பேசியிருக்கிறார். அதே பையன்தான் பிறகு தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் 1961-62 சீசன் முழுக்க ஒரு மேட்சுக்குச் சராசரியாக 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 11.4 அசிஸ்ட் (கூட ஆடுபவர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது) எடுத்தார். ஒரு சீசன் முழுக்க இந்த மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி, அதை இன்னொருவர் செய்ய 55 வருடம் ஆனது.

உங்கள் பையனுக்கு மிலன் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள். அட்டக்ஸ் பள்ளியிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது.

வபாஷ்கரை:

ஒப்புக்கொள்கிறேன். நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மேமாதம்:

கூடைப்பந்து சரி, மே மாதத்தையும் மறக்காதீர்கள். இண்டி 500 கார் பந்தயம் 1911-லிருந்து நடக்கிறது, இரண்டரை மைல் பாதையை 200 சுற்று. 1909-ல் அந்தப் பாதையில் 32 லட்சம் செங்கல் பதித்தார்கள், இப்போது முடிவுக்கோட்டில் ஒரு கஜ அகலம் மட்டும் செங்கலாகவே விட்டிருக்கிறார்கள். ஜெயித்தவர் பால் குடிப்பார். 1936-ல் லூயிஸ் மெயர் மோர் குடித்ததில் ஆரம்பித்த பழக்கம். டிக்கெட் மொத்தமும் விற்றுத் தீர்ந்தால் ஒழிய இண்டியானாபொலிஸ் பகுதியில் டிவியில் நேரலை வராது, அதனால் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டி ரேடியோவில் கேட்பார்கள். எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஒரு சுற்று வர்ணனைகூடத் தவறாது.

இரண்டுபெண்களின்அம்மா:

நான் வேறு பக்கம் பேசுகிறேன். பழைய ஒரே-போட்டி முறை 1997-ல் முடிந்தது, அதன்பிறகு மாணவர் எண்ணிக்கையை வைத்து நான்கு பிரிவு ஆக்கினார்கள். பிளம்பே அதை எதிர்த்தார். பெரியவர்கள் எல்லாரும் இன்னும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்கள், எனக்குப் புரிகிறது. 1990-ல் ஒரு பள்ளிப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு 41,046 பேர் வந்தார்கள், டேமன் பெய்லி என்ற மாணவர் தன் டீமின் கடைசி 11 புள்ளியையும் தானே போட்டு பெட்ஃபோர்டு ஊர்ப் பள்ளிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அந்தக் கூட்டம் இனி வராது.

ஆனால் என் பெண்கள் படித்தது சின்னப் பள்ளி. பழைய முறையாக இருந்தால் முதல் சுற்றிலேயே பெரிய பள்ளியிடம் நாற்பது புள்ளியில் தோற்று வீட்டுக்கு வந்திருப்பார்கள். பிரிவு வந்ததால் மூன்று வாரம் மார்ச்சை ஒட்டி விளையாடினார்கள், ஊரே பஸ்ஸுக்குப் பின்னால் வந்தது. மிலன் ஒன்று ஜெயித்தது, மற்ற நூற்றுக்கணக்கான சின்னப் பள்ளிகள் தோற்றதை யார் கணக்கு வைத்தார்கள்?

அப்புறம் பெண்களுக்கு மாநிலப் போட்டி வந்ததே 1976-ல்தான், ஜூடி வாரன் ஆடிய வார்சா பள்ளி ஜெயித்தது. 2024-ல் கெய்ட்லின் கிளார்க் என்ற நட்சத்திர வீராங்கனை இங்கத்திய பெண்கள் தொழில்முறை டீமான இண்டியானா ஃபீவருக்கு வந்தபோது, அந்தக் காலத்தில் ஆட இடமே கிடைக்காத பாட்டிகள் பேத்திகளோடு ஒரே நிற டி-ஷர்ட் போட்டு வரிசையில் நின்றதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேட்சில் கண்ணை மூடிக்கொண்டார் என்றீர்களே, அந்தப் பாட்டியிடம் அவர் காலத்தில் பெண்கள் ஆடினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கறுப்புக்காபி:

கொலம்பஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. கான்வர்ஸ் கான்வாஸ் ஷூவில் கணுக்கால் பக்கம் நட்சத்திரத்தோடு ஒரு கையெழுத்து இருக்குமே, அந்த சக் டெய்லர் உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி டீமில் ஆடியவர்தான்.

கொலம்பஸ்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சக் டெய்லர் விஷயத்தைச் சொன்னதும் பையன் ஓடிப்போய் அலமாரியிலிருந்து தன் ஷூவை எடுத்துவந்து கையெழுத்தைத் தடவிப் பார்த்தான், இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான்!

அடுத்த மாதம் ஹிங்கிளில் பட்லர் மேட்ச் ஒன்றுக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன். அட்டக்ஸ் அருங்காட்சியகத்துக்கு எந்தெந்த நாளில் விடுவார்கள் என்று நாளைக்குப் போன் செய்து கேட்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி அந்த ஜிம்முக்குப் போகிறோம், இந்தத் தடவை சீக்கிரமே போய் அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கவேண்டும்.