மணலி லேத் பட்டறை: எத்தனை கேவிஏஆர் கெப்பாசிட்டர்?

கேள்வி: லோடு 30 கிலோவாட், பவர் ஃபேக்டர் (இழுக்கிற கரன்ட்ல உண்மையா வேலைக்கு ஆகிற பங்கு) 0.75. போட்ட கெப்பாசிட்டர் ஊதிப்போச்சு. எவ்வளவு கேவிஏஆர் (கெப்பாசிட்டர் அளவோட யூனிட்) போடலாம்?

பதில் 1: 0.95-க்குக் கொண்டுவர 30 × 0.553 (ஒரு கிலோவாட்டுக்கு வேண்டிய கேவிஏஆர்), அதாவது 16.6 கேவிஏஆர். மொத்தத்தையும் நிரந்தரமா மாட்டாதீங்கண்ணா, மெஷின் நின்னா லீடிங் போயிடும், அதாவது கெப்பாசிட்டர் தேவைக்கு மேல ஆகிடும். ஏபிஎஃப்சி பேனல்ல (கெப்பாசிட்டரைத் தேவைக்கேத்தபடி தானா ஏத்தி இறக்கற பெட்டி) 5, 5, 5, 2-ன்னு பிரிங்க. சிடி (கரன்ட்டை அளக்கற காயில்), கெப்பாசிட்டருக்கு முன்னாடி மெயின் பக்கம் இருக்கணும். பின்னாடி போட்டா கெப்பாசிட்டர் ஏறினது பேனல் கன்ட்ரோலரான ரிலேக்குத் தெரியாது, எல்லா ஸ்டெப்பையும் ஏத்திக்கிட்டே போகும்.

பதில் 2: விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்தற டிரைவ்) ஓடுதா? அப்போ ஹார்மோனிக்ஸ்தான் (அது லைன்ல கிளப்பற அதிக ஃப்ரீக்வென்சி கரன்ட்) ஊத வெச்சிருக்கலாம். 7 சதவீத டிட்யூன்ட் ரியாக்டர் (ஹார்மோனிக்ஸ் கெப்பாசிட்டருக்குள்ள போகாம தடுக்கற காயில்) அவசியம். அதோட 440 வோல்ட் கெப்பாசிட்டர் தாங்காது, 525 வோல்ட் வாங்குங்க. நம்ம 415 வோல்ட் லைன்ல, ரியாக்டரோட சேர்த்து, அது எழுதியிருக்கிறதுல மூணில் ரெண்டு பங்குதான் தரும். அதனால 17 கேவிஏஆர் கிடைக்க சுமார் 25 கேவிஏஆர் வாங்கணும்.

பதில் 3: எண்ணூர் பக்கத்து உப்புக்காத்துல லக்கு (ஒயர் முனையில மாட்டற செம்பு முனை) பச்சை பூத்து சூடாகும். டின் பூசின லக்கு போடுங்க. தொடறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணி 5 நிமிஷம் விட்டு, மீட்டர் வெச்சு வோல்ட் பாருங்க.