தெற்குச் சுவரில் கொடி ரோஜாக்கள்: எந்த ரகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்?

தாழ்வாரம்:

வணக்கம். லண்டன் ஹாரோ பகுதியில் வசிக்கிறோம். 1930களில் கட்டிய வீடு. கீழ்த்தளம் சிவப்புச் செங்கல், மாடிப் பகுதி வெள்ளைப் பூச்சு. முன்சுவர் தெற்குப் பார்த்தது. வாசற்கதவுக்கும் வீட்டு மூலைக்கும் இடையே ஐந்து மீட்டர் இருக்கும், நடுவில் ஒரு ஜன்னல். பின்சுவர் வடக்குப் பார்த்தது, மேல்வரை செங்கல். மண் கெட்டியான களிமண்.

முன்சுவரில் மூன்று கொடி ரோஜாக்களைச் சேர்த்து ஏற்ற விரும்புகிறேன். நான் குறித்து வைத்திருப்பவை: கிளைம்பிங் ஐஸ்பர்க், நியூ டான், ஆல்பர்டீன், கோல்டன் ஷவர்ஸ், மஞ்சள் பேங்க்ஸியே. படங்களில் எல்லாமே அழகாக இருக்கின்றன, எதை எதனோடு சேர்ப்பது என்றுதான் புரியவில்லை. முன்பு குடியிருந்தவர்கள் வைத்த பழைய ரோஜா ஒன்றை மூலையிலிருந்து சென்ற மாதம் தோண்டி எடுத்துவிட்டோம். அதே குழியில் புதியதை நடலாமா?

இன்னொன்று. கோடைதோறும் திண்டுக்கல்லிலிருந்து அம்மா வந்து எங்களோடு தங்குவார். பூஜைக்குப் பன்னீர் ரோஜா மணமுள்ள பூ வேண்டும் என்பது அவர் ஆசை. வாசலில் குழந்தைகள் ஓடுவதால் முள் குறைவாக இருந்தால் நல்லது.

கென்ட் கிழவர்:

நிறத்தைப் பிறகு பார்க்கலாம் அம்மா. சுவரில் சேர்த்து வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது செடியின் வேகம். நீங்கள் எழுதிய ஐந்தும் ஐந்து விதமான வேகம் கொண்டவை. கோல்டன் ஷவர்ஸ் மூன்று மீட்டரோடு நின்றுவிடும், நிமிர்ந்து வளரும். நியூ டான் நான்கைந்து மீட்டர் போகும், பக்கவாட்டிலும் பாயும். மஞ்சள் பேங்க்ஸியே ஆறு மீட்டரைத் தாண்டிக் கூரையைத் தேடும். பேங்க்ஸியேவின் பக்கத்தில் கோல்டன் ஷவர்ஸை வைத்தால் சில ஆண்டுகளில் அது இருக்குமிடமே தெரியாது.

அடுத்தது கவாத்து. ஆல்பர்டீன் கோடைத் தொடக்கத்தில் ஒரு முறை பூத்து ஓய்ந்துவிடும், பூ முடிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். பேங்க்ஸியே ஏப்ரல், மே வாக்கில் பழைய கிளையிலிருந்து பூப்பது, குளிர்காலத்தில் வெட்டினால் அந்த ஆண்டுப் பூ போயிற்று. மற்ற மூன்றும் திரும்பத் திரும்பப் பூப்பவை, அவற்றுக்குக் கவாத்து குளிர்காலத்தில். இந்த இரண்டு வகையும் ஒரே கம்பியில் பின்னிக்கொண்டால் எந்தக் கிளை எதனுடையது என்று பிரித்து வெட்டுவதற்குள் கை கிழிந்துவிடும். ஆகவே ஆல்பர்டீனையும் பேங்க்ஸியேவையும் விட்டுவிடுங்கள். ஆல்பர்டீனுக்குச் சுவர் ஓரம் ஆகவும் ஆகாது, காற்றோட்டம் குறைந்தால் சாம்பல் நோய் பிடிக்கும்.

செடிக்குச் செடி இரண்டிலிருந்து மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். உங்கள் ஐந்து மீட்டருக்கு இரண்டே போதும்.

லெஸ்டர் மல்லி:

ஐயா சொல்வது சரி, ஆனால் சுவரின் நிறத்தையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். கீழே சிவப்பு, மேலே வெள்ளை என்கிறீர்கள். கொடி ரோஜா பெரும்பாலும் மேலே போய்த்தான் பூக்கும். ஐஸ்பர்க் வெள்ளைப் பூச்சை எட்டியதும் பூ இருப்பதே தெருவிலிருந்து தெரியாது. நியூ டானும் மிக வெளிறிய இளஞ்சிவப்பு, அதற்கும் அதே கதி. மாடிக்கு ஏறும் செடிக்கு அடர்ந்த நிறம் வேண்டும், கீழேயே நிற்கும் செடிக்கு வெளிர் நிறமோ மஞ்சளோ வேண்டும்.

என் யோசனை: வாசற்பக்கம் கோல்டன் ஷவர்ஸ். முள் குறைவு, செங்கல் மேல் மஞ்சள் எடுப்பாக இருக்கும். மூலையில் கிளைம்பிங் எத்வால் து ஹாலந்த். கருஞ்சிவப்பு. செங்கலில் வைத்தால் மங்கிப் போகும் நிறம், வெள்ளைப் பூச்சின் மேல் அப்படி ஒளிரும். ஐந்து மீட்டர் ஏறும். பூக்கள் தலை கவிழ்ந்து நிற்பதால் கீழிருந்து பார்ப்பவருக்கு முகம் தெரியும். புதர்ச் செடியில் தலை கவிழ்வது குறை, மாடிச் சுவரில் அதுவே வரம். மணமும் ஆழமானது. இரண்டும் சேர்ந்தால் வீட்டு முகப்பு மஞ்சளும் குங்குமமும் வைத்ததுபோல் இருக்கும்.

கென்ட் கிழவர்:

வேகம் ஒத்துப்போகவில்லையே. ஒன்று மூன்று மீட்டர், மற்றது ஐந்து.

லெஸ்டர் மல்லி:

ஒரே உயரத்தில் படர்ந்தால்தான் போட்டி, ஐயா. எத்வாலின் கிளைகளை ஜன்னலுக்கு மேலே, வெள்ளைப் பூச்சில் கிடையாக இழுத்துக் கட்டினால் கோல்டன் ஷவர்ஸின் இடத்துக்குள் அது வராது. கட்டாமல் விட்டால் நீங்கள் சொன்னது நடக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

தாழ்வாரம்:

இருவருக்கும் நன்றி. வெள்ளைப் பூ வெள்ளைச் சுவரில் மறையும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் வடக்குச் சுவரை என்ன செய்வது? ரோஜாவுக்கு வெயில் வேண்டுமே? அம்மாவின் பூவுக்கும் வழி சொல்லுங்கள்.

கென்ட் கிழவர்:

வடக்குச் சுவருக்கென்றே இருப்பதுபோல் ஒரு ரோஜா உண்டு: மேடம் ஆல்ஃப்ரெட் காரியேர். 1879இல் பிரான்சில் ஷ்வார்ட்ஸ் என்பவர் உருவாக்கியது. வெள்ளையில் லேசாக இளஞ்சிவப்பு கலந்த பூ, நல்ல மணம், முள் சொற்பம். முழு வெயில் கிடைக்காத சுவரிலும் அலுக்காமல் பூக்கும், இலையுதிர்காலம்வரை விட்டுவிட்டுப் பூ வரும். எங்கள் கென்ட்டில் இருக்கும் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் தோட்டத்துக்கு ஒரு முறை ஜூனில் போய் வாருங்கள். அங்கே சவுத் காட்டேஜ் என்ற சிறு வீட்டின் செங்கல் சுவரில் இதே ரகம் படர்ந்திருக்கும். அந்தத் தோட்டத்தை உருவாக்கிய எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் அவர் கணவரும் 1930இல் அந்த இடத்தை வாங்கியபோது வைத்தது. செங்கலும் அந்த வெள்ளையும் எப்படிச் சேர்கின்றன என்று அங்கே பார்த்துவிட்டால் வேறு எதையும் கேட்க மாட்டீர்கள். ஆறு மீட்டர் போகக்கூடியது, ஆகவே பின்சுவர் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுங்கள். துணைக்கு வேறு ரோஜா வேண்டாம்.

ஓசூர் பதியன்:

அம்மாவின் பூவைப் பற்றி நான் சொல்கிறேன், அக்கா. ஓசூரில் நாற்றங்கால் வைத்திருக்கிறோம். பன்னீர் ரோஜா என்ற பெயரில் இங்கே விற்பவற்றுள் எட்வர்ட் ரோஜாவும் உண்டு. அது போர்பன் என்ற பழைய ரோஜாக் குலம், ரீயூனியன் தீவில் தோன்றியது. அதே குலத்தில் வந்த கொடி ரோஜா ஒன்று இங்கிலாந்தில் எளிதாகக் கிடைக்கிறது: செஃபிரீன் துரூவான். 1868இல் வந்த ரகம். அடர்ந்த இளஞ்சிவப்பு, இனிய பழைய ரோஜா மணம், முள்ளே கிடையாது. வயதானவர்கள் பயமின்றிப் பறிக்கலாம்.

லெஸ்டர் மல்லி:

அந்த ரகம் நல்லதுதான், ஆனால் தெற்குச் சுவரில் மட்டும் வேண்டாம். சூடும் வறட்சியும் சேர்ந்தால் சாம்பல் நோய், ஈரமான ஆண்டுகளில் கரும்புள்ளி. வாசல் கேட்டின் மேல் வளைவு ஒன்று வைத்து அதில் ஏற்றுங்கள், நான்கு பக்கமும் காற்று அடிக்கட்டும். செங்கலோடு அந்த இளஞ்சிவப்பு சண்டை போடுவதும் தவிரும். மணத்துக்கு கெர்ட்ரூட் ஜெக்கில் என்ற ரகத்தையும் பலர் சொல்வார்கள். மணத்தில் குறையே இல்லை, ஆனால் முள் மிகுதி. குழந்தைகள் ஓடும் இடத்தில் நான் வைக்க மாட்டேன்.

பூஜைக்குப் பறிக்கும் செடி என்பதால் மருந்து தெளிக்காதீர்கள். கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி வெளியேற்றுங்கள், குளிர்காலத்தில் அடி மண்ணை மக்கிய உரத்தால் மூடி மூடாக்குப் போடுங்கள். விழுந்த இலையில் தங்கும் வித்துகள் மழை தெறிக்கும்போது புதிய இலைக்கு ஏறுவதை அது குறைக்கும்.

தாழ்வாரம்:

நான்கும் முடிவாகிவிட்டன: வாசலில் கோல்டன் ஷவர்ஸ், மூலையில் எத்வால், வடக்கே மேடம் காரியேர், கேட்டில் செஃபிரீன். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன், முள் இல்லாத ரோஜா என்பதை அவர் நம்பவே மறுக்கிறார். இனி நடுவதைப் பற்றிச் சொல்லுங்கள். சுவரை ஒட்டியே குழி தோண்டலாமா?

கென்ட் கிழவர்:

ஒட்டி வேண்டாம். சுவரின் அடி மழை விழாத இடம், வீடு நனையும் நாளிலும் அந்த மண் காய்ந்தே கிடக்கும். சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளிக் குழி எடுத்து, தண்டு சுவர்ப் பக்கம் சாயும்படி, வேர்கள் வெளிப்பக்கம் பரவும்படி வையுங்கள். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். களிமண்ணில் மக்கிய குதிரைச் சாணத்தைத் தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு கோடையும் தண்ணீர் ஊற்றத் தவறக் கூடாது. சுவர் ஓரத்தில் மண்ணைக் குவித்துக் காற்றுத் துளைச் செங்கலையும் ஈரத்தடுப்பு வரிசையையும் மூடிவிடாதீர்கள், வீட்டுக்குள் ஈரம் ஏறும்.

செடி வாங்குமுன் கம்பி கட்டுங்கள். வளையத் திருகாணிகளை அடித்து, 45 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கிடைக் கம்பிகள். கம்பிக்கும் சுவருக்கும் இடையே சில சென்டிமீட்டர் காற்று போக வேண்டும். கிளையைக் கம்பிக்குப் பின்னால் நுழைக்காமல் முன்னால் வைத்து மென்மையான சணலால் கட்டுங்கள், பிற்பாடு சுவருக்குச் சுண்ணாம்போ பூச்சோ பார்க்க வேண்டியிருந்தால் கழற்றிவிடலாம். கிளை இளசாக இருக்கும்போதே கிடையாக வளைத்துவிட வேண்டும். நேராக மேலே விட்டால் உச்சியில் மட்டும் பூக்கும். கிடையாகக் கட்டினால் கணுவுக்குக் கணு பக்கக்கிளை வெடித்து அடியிலிருந்தே பூ வரும்.

ஓசூர் பதியன்:

அக்கா, அந்தப் பழைய குழியை யாரும் கவனிக்கவில்லை. ரோஜா இருந்த மண்ணில் அப்படியே இன்னொரு ரோஜாவை வைத்தால் புதியது தேறாமல் முடங்கிப்போகும். எத்வாலை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். அங்கேதான் வேண்டுமென்றால் அரை மீட்டர் ஆழ அகலத்துக்குப் பழைய மண்ணை அள்ளிவிட்டு, தோட்டத்தில் ரோஜா வைக்காத இடத்து மண்ணைக் கொண்டுவந்து நிரப்புங்கள்.

தாழ்வாரம்:

தள்ளியே வைக்கிறேன். மண் இல்லாத வேர்ச்செடிகள் நவம்பரிலிருந்து மார்ச் வரை கிடைக்கும் என்று நாற்றுப் பண்ணையில் சொன்னார்கள். நவம்பருக்கே நான்கையும் பதிவு செய்கிறேன். இந்த வாரம் கம்பி வேலை.