டிரம் செட்டின் ஹை-ஹாட்டை (பெடலால் ஒன்றோடொன்று மோதும் இரட்டைத் தட்டு) காலில் அடித்தால் 'சிக்' வரவில்லை. துளை போடலாமா?

மதுரை, மெல்லிசைக் குழு. 14 அங்குல பி8 (8% வெள்ளீயம் கலந்த) வெண்கல ஜோடி, கீழ்த் தட்டு கனமானது. ஸ்டாண்ட் மூன்று கால் வகை. ஆடியில் புதிதாக வாங்கியது, முதல் நாளிலிருந்தே இதே கதை.

குச்சியில் அடித்தால் மூடிய ஒலி, திறந்த ஒலி இரண்டும் சுத்தம். பெடலை மட்டும் மிதித்தால் 'புஃப்' என்று காற்றுதான் வருகிறது. மெதுவான பாட்டில் தாளத்தின் 2, 4-ஆம் அடிக்குக் காலால் மிதிக்கும் ஹாட்டையே நம்பியிருக்கிறோம். திருவிழா மேடையில் தனி மைக் வைத்தும் எடுபடவில்லை.

செய்து பார்த்தவை: கிளட்ச் (மேல் தட்டைக் கம்பியில் பிடிக்கும் பாகம்) ஃபெல்ட் மாற்றியாயிற்று. இடைவெளியை ஒன்றரை செ.மீ. முதல் மூன்று வரை வைத்தாயிற்று. ஸ்பிரிங் இறுக்கம் கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்றுதான். தட்டுகளை மேல் கீழ் மாற்றினால் குச்சி ஒலியும் கெட்டது. இதே ஸ்டாண்டில் வேறொரு ஜோடி கணீரென்று பேசுகிறது, ஆகவே ஸ்டாண்ட் மேல் பழி இல்லை. கண்ணாடி மேல் கவிழ்த்தால் இரண்டு விளிம்பும் இம்மி இடைவெளியில்லாமல் உட்காருகின்றன. உள்ளே காற்று அடைபடுகிறது என்பது உறுதி.

கீழ்த் தட்டின் சாய்வுத் திருகை ஏற்றினால் 'சிக்' வருகிறது. ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள் அதிர்வில் தளர்ந்துவிடுகிறது. அதிகம் சாய்த்தாலோ மூடிய ஒலியில் சலசலப்பு.

ஜில்ஜியான் நிறுவனத்தின் குயிக் பீட் ஹை-ஹாட்டில் கீழ்த் தட்டுக்குத் துளைகள் உண்டு, பைஸ்டே நிறுவனத்தின் சவுண்ட் எட்ஜில் கீழ்த் தட்டின் விளிம்பே அலையலையாக இருக்கும். இதையும் லேத் பட்டறையில் கொடுத்துத் துளைக்கலாம் என்ற யோசனை. பி8 தட்டில் பின்னால் விரிசல் விடாமல் இருக்க, எத்தனை துளை, என்ன அளவில், விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே போட வேண்டும்?