மஞ்சளாகிவிட்ட ஆன்டிபயாடிக் சிரப்: மருந்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். காது வலிக்காக என் மகளுக்குச் சேலத்தில் டாக்டர் அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த சிரப் கொடுத்தார், 7 நாளுக்கு. பொடியில் ஆறவைத்த வெந்நீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கி, ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மழையில் கரண்ட் போய்விட்டது. 'இந்தக் குளிருக்கு ஃபிரிட்ஜ் எதுக்கு' என்று அத்தை சமையல் மேடையில் வைத்துவிட்டார், அதுவும் அடுப்புக்குப் பக்கத்தில்! வெள்ளையாக இருந்த மருந்து இப்போது லேசாக மஞ்சளடிக்கிறது.

நான் வேதியியல் படித்தவள், பயமே அதனால்தான். இரண்டின் மூலக்கூறிலும் உள்ள பீட்டா-லாக்டம் என்ற அணு வளையம் தண்ணீரில் மெல்ல உடையும், சூட்டில் இன்னும் வேகமாக. கிளாவுலனேட் முதலில் கெடும். கிருமியின் நொதி அமாக்சிசிலினைச் சிதைக்காமல் தடுப்பதே அதுதானே.

இதைக் கொட்டிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன், சரியா? புது பாட்டில் வாங்கினால் விட்ட நாளில் இருந்து தொடரலாமா, முதலில் இருந்தா? கிளினிக்கில் போன் எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்காமல், ஏற்காட்டிலேயே இப்போது திறந்திருக்கும் மெடிக்கல் ஏதாவது உண்டா? அடுத்த வேளை ராத்திரி 8 மணிக்கு.