விவசாய ஆசிரியர் பயிற்சி: தோட்டம் இல்லாத பாடசாலையில் பிறகு என்ன நடந்தது?

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்து, மூன்றாம் வருடக் கட்டுறுபயிற்சிக்கு (பாடசாலையில் படிப்பித்துப் பழகுவதற்கு) யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பாடசாலை கிடைத்ததையும், அங்கே தோட்டமே இல்லை என்பதையும் முன்பு இங்கே புலம்பியிருந்தேன். அதிபரிடம் நேரே இடம் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் தந்தார். பாதி கல், பாதி பொலித்தீன். சரி, பரவாயில்லை.

பயிருக்கு முன் மண்ணைத் தொடங்கினேன். தரம் 10 பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவரச் சொன்னேன். நனைத்து உருட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தள்ளினால், களி கூடிய மண் நாடாபோல நீளும். செம்மண் கொஞ்சம் நீண்டு முறிந்தது. கரையோரத்துப் பையனின் மணல் உருண்டையாகவே நிற்கவில்லை; வகுப்பே சிரித்தது. கல்லூரியில் நான் எழுதிய பாடத்திட்டக் குறிப்பில் இந்தச் சிரிப்புக்கு இடமே இருக்கவில்லை!

அப்புறம் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், 2021இல இரசாயன உரத்தை நிப்பாட்டினது சரியா, பிழையா?" வெங்காயம் செய்கிற வீட்டுப் பிள்ளை. அரசாங்கம் அதை ஒரே நாளில் நிறுத்தியது பிழை என்றேன். ஆனால் பயிர் எடுத்தது போக மிஞ்சுகிற யூரியா உரம், நீரில் கரைகிற நைத்திரேற்றாக மாறி, மழைநீரோடு சுண்ணாம்புக்கல் வழியே நம் கிணற்றுக்குத்தான் இறங்குகிறது என்பதையும் சொன்னேன். வீட்டில் இதைச் சொல்லி அப்பாவிடம் ஏச்சு வாங்கினாளாம்.

கத்தரி நாற்று நட்டாயிற்று. கூட்டெருக் குவியல் மட்டும் இன்னும் நாறுகிறது, ஈரம் கூடிவிட்டது. நாளைக்குக் காய்ந்த சருகு போட்டுப் புரட்ட வேண்டும்.